வார்பர்க், மைட்டோகாண்ட்ரியா, புற்றுநோய்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

இருபத்தாறு வருடம் கல்லூரியில் உயிர்வேதியியல் எடுத்தவள் நான். அத்தனை வருடத்தில் ஓட்டோ வார்பர்க்குக்கு ஒதுக்கியது வருடத்துக்கு ஒரு வகுப்பு. ஓய்வு பெற்றபின், சித்திக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்திலிருந்து அந்தப் பெயர் தினமும் காதில் விழ ஆரம்பித்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்த ஒரு செய்திதான் காரணம்: நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி புற்றுநோயின் மூலகாரணத்தை அப்போதே கண்டுபிடித்துவிட்டார், சர்க்கரையை விட்டு எலுமிச்சையும் சோடா உப்பும் குடித்தால் போதும் என்று. நாத்தனார் கேட்டார், கீழ்வீட்டு மாமி கேட்டார், பழைய மாணவர்கள் கேட்டார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். சிகிச்சை முடிவுகளை உங்கள் மருத்துவரிடம்தான் பேச வேண்டும்; நான் பாடம் சொன்னவள், வைத்தியம் பார்த்தவள் அல்ல.

யாருங்க இந்த வார்பர்க்? நிஜமா இருந்தவரா, இல்ல வாட்ஸ்அப் விஞ்ஞானியா?

நிஜமாக இருந்தவர், அதுவும் சாதாரண ஆள் இல்லை. 1883-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் பிறந்தார். அப்பா எமில் வார்பர்க் பெயர்பெற்ற இயற்பியலாளர். மகன் 1906-ல் வேதியியலில் முனைவர் பட்டமும் 1911-ல் மருத்துவப் பட்டமும் வாங்கினார். முதல் உலகப் போரில் குதிரைப்படையில் சேர்ந்து போர்முனைக்கே போய்விட்டார். இவர் அங்கே குண்டடிபட்டுச் செத்தால் அறிவியலுக்கு நஷ்டம், ஆய்வகத்துக்குத் திரும்பட்டும் என்று 1918-ல் ஐன்ஸ்டைன் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

அதன்பின் 1970-ல் இறக்கும்வரை பெர்லினின் டாலம் பகுதிதான் அவர் உலகம். பள்ளிப் பாடத்தில் வரும் கிரெப்ஸ் சுழற்சியின் ஹான்ஸ் கிரெப்ஸ் இவரிடம் தொழில் கற்றவர். வார்பர்க் அளப்பதில் மகா கெட்டிக்காரர். தன் கருத்தை விட்டுக்கொடுப்பதில் மகா கஞ்சர். இந்தப் பக்கத்தில் வரும் பாதிக் குழப்பத்துக்கு அந்த இரண்டாவது குணம்தான் காரணம்.

மைட்டோகாண்ட்ரியா செல்லோட பவர் ஹவுஸ்னு பத்தாம் வகுப்புல எழுதி மார்க் வாங்கினேன். அதுக்கு மேல ஏதாவது இருக்கா?

இருக்கிறது. குளுக்கோஸ் செல்லுக்குள் வந்ததும் முதல் பாதி வேலை மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே நடக்கிறது. அதற்கு கிளைக்கோலைசிஸ் என்று பெயர், ஆக்சிஜன் தேவையில்லை. ஒரு குளுக்கோஸுக்குக் கையில் நிற்பது 2 ஏடிபி. ஏடிபி என்பது செல்லின் சில்லறைக் காசு. பாதி உடைந்து மிச்சமிருக்கும் பைருவேட் என்ற பொருள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், ஆக்சிஜனோடு முழுதாக எரிந்தால் மொத்தக் கணக்கு 30, 32 ஏடிபி வரை ஏறும். பழைய புத்தகங்களில் 36, 38 என்று இருக்கும். நானே பல வருடம் 38 என்றுதான் சொல்லிக்கொடுத்தேன்.

ஆனால் மின் நிலையம் என்ற உவமை பாதிதான் சரி. மைட்டோகாண்ட்ரியா ஒரு பட்டறையும்கூட. புது செல் கட்டத் தேவையான அமினோ அமிலங்கள், கொழுப்பு, டி.என்.ஏ. இவற்றுக்கெல்லாம் மூலப்பொருள் அங்கிருந்து போகிறது. செல் சாக வேண்டுமா என்ற தீர்ப்பிலும் அதற்குப் பங்கு உண்டு. இந்தப் பட்டறை விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

'வார்பர்க் விளைவு'ன்னா என்ன? எங்க அம்மாவுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

இட்லி மாவு ஏன் புளிக்கிறது? மாவில் இருக்கும் நுண்ணுயிர்கள் சர்க்கரையைப் பாதியிலேயே உடைத்து லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளுகின்றன. நம் தசையும் மூச்சிரைக்க ஓடும்போது இதையே செய்யும், ஆக்சிஜன் போதாத அவசரத்தில். ஓட்டம் நின்றதும் பழைய வழிக்குத் திரும்பிவிடும்.

வார்பர்க் பார்த்தது வேறு. கட்டியிலிருந்து எடுத்த திசுவுக்குத் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தும், அது மாவு மாதிரி 'புளித்துக்கொண்டே' இருந்தது. குளுக்கோஸை அள்ளி அள்ளி எடுத்து, பெரும்பகுதியை லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளியது. ஆக்சிஜன் இருக்கும்போதே நடக்கும் இந்த நொதித்தல்தான் வார்பர்க் விளைவு. அந்தப் பெயரை வைத்தவர் அவரில்லை. எஃப்ரெய்ம் ராக்கர் என்ற உயிர்வேதியியலாளர் 1972-ல் வைத்தார்.

நூறு வருஷத்துக்கு முன்னாடி செல்லு மூச்சு விடறதை எப்படி அளந்தாராம்? என்ன மெஷின் இருந்துச்சு?

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்கு உற்சாகம் வந்துவிடும். நான் எம்.எஸ்சி. படித்த ஆய்வகத்தின் மூலையில் ஒரு வார்பர்க் கருவி தூசி படிந்து நின்றது. ஒரு வட்டமான தண்ணீர்த் தொட்டி. அதன் விளிம்பைச் சுற்றி எலுமிச்சம்பழ அளவில் கண்ணாடிக் குடுவைகள். ஒவ்வொன்றிலிருந்தும் மேலே எழும் யு வடிவ மெல்லிய குழாய், அதற்குள் நிறமேற்றிய உப்புநீர். தொட்டி உடல் சூட்டில் இருக்கும், குடுவைகள் ஆடிக்கொண்டே இருக்கும். குடுவைக்குள் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் சீவிய திசு மிதக்கும். அதைவிடத் தடிமனாகச் சீவினால் உள்பகுதிக்கு ஆக்சிஜன் எட்டாது, சோதனையே பாழ்.

குடுவையின் நடுவில் ஒரு குட்டிக் கிண்ணம், அதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. திசு வெளியிடும் கார்பன் டை ஆக்சைடை அது விழுங்கிவிடும். அப்படியானால் குடுவையில் காற்றழுத்தம் குறைவது எதனால்? திசு ஆக்சிஜனை எடுத்துக்கொண்டதால் மட்டும்தான். குழாயில் உப்புநீர் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று கண்ணால் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

லாக்டிக் அமிலத்தை அளந்த விதம் இன்னும் அழகு. திசுவைச் சுற்றி இருக்கும் திரவத்தில் பைகார்பனேட் கலந்துவிடுவார், அதாவது நம் சோடா உப்பின் உறவு. அமிலம் வெளியே வந்ததும் பொங்கும், வாயு வரும், அழுத்தம் ஏறும். எவ்வளவு ஏறியதோ அவ்வளவு அமிலம். சோடா உப்பில் எலுமிச்சை பிழிந்தால் நுரைக்கிறதே, அதே வேதியியல். வாட்ஸ்அப் செய்தி எழுதியவருக்கு இந்தப் பொருத்தம் தெரிந்திருக்க நியாயமில்லை.

குடுவைக்குள்ள சீவிப் போட்ட திசு வேற, உடம்பு வேற இல்லையா?

நல்ல சந்தேகம். அப்போதே கேட்டார்கள். அமெரிக்காவில் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதி 1925-ல் கோழியை வைத்துப் பார்த்தார்கள். ஒரு இறக்கையில் மட்டும் கட்டி உள்ள கோழி. இரண்டு இறக்கைகளிலிருந்தும் திரும்பி வரும் ரத்தத்தை எடுத்து ஒப்பிட்டார்கள். கட்டி இருந்த பக்கத்து ரத்தத்தில் 100 மில்லிக்கு 23 மில்லிகிராம் குளுக்கோஸ் குறைவு, 16 மில்லிகிராம் லாக்டிக் அமிலம் அதிகம். அதே கோழி, அதே இதயம், இறக்கை மட்டும் வேறு. இதைவிடச் சுத்தமான ஒப்பீடு கிடைப்பது கஷ்டம்.

வார்பர்க்கும் பிறகு எலிகளின் கட்டிக்குள் போகும் ரத்தத்தையும் வெளியே வரும் ரத்தத்தையும் அளந்தார். கட்டி எடுத்துக்கொண்ட குளுக்கோஸில் மூன்றில் இரண்டு பங்கு லாக்டிக் அமிலமாகத் திரும்பியது. ஆக, அவர் கண்டது உண்மை.

புற்றுநோய்க்குக் காரணம் கண்டுபிடிச்சதுக்குத்தானே 1931-ல நோபல் கொடுத்தாங்க?

இல்லை. வாட்ஸ்அப் செய்தி சறுக்கும் முதல் இடம் இது. நோபல் குழு கொடுத்த காரணம், சுவாச நொதியின் தன்மையையும் அது வேலை செய்யும் விதத்தையும் கண்டுபிடித்தது. புற்றுநோய் என்ற சொல்லே அதில் இல்லை.

அந்த நொதியைத்தான் இன்று சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்கிறோம். மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் இப்போது இழுத்த மூச்சிலிருக்கும் ஆக்சிஜன் கடைசியில் போய்ச் சேருவது அதனிடம்தான். கார்பன் மோனாக்சைடு அந்த நொதியை அடைத்துவிடும். ஆனால் வெளிச்சம் பட்டால் விட்டுவிடும். எந்த நிற வெளிச்சத்துக்கு எவ்வளவு விடுகிறது என்று அளந்தே, பிரித்தெடுக்காத ஒரு நொதிக்குள் இரும்பு இருப்பதை நிரூபித்தார். பரிசுக்குத் தகுதியான வேலைதான், ஆனால் வேறு வேலை.

சரி, அப்ப கேன்சர் பத்தி அவர் சொன்னது சரியா தப்பா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் முடியாது, இரண்டு வாக்கியம் வேண்டும். கண்டது சரி. அதற்கு அவர் சொன்ன காரணம் தவறு.

கட்டி ஆக்சிஜன் இருக்கும்போதும் நொதிக்கிறது, ஆகவே அதன் மூச்சு, அதாவது மைட்டோகாண்ட்ரியா, சரிசெய்ய முடியாதபடி கெட்டுப்போயிருக்கிறது, அந்தக் கேடுதான் புற்றுநோயின் மூலம் என்றார். 1956-ல் 'சயன்ஸ்' இதழில் அதையே அடித்துச் சொன்னார். அதே வருடம் அதே இதழில் சிட்னி வைன்ஹவுஸ் என்ற உயிர்வேதியியலாளர் மறுத்தார். கதிரியக்கக் கார்பனால் அடையாளமிட்ட குளுக்கோஸையும் கொழுப்பையும் கொடுத்துப் பார்த்தால், கட்டிகளின் மைட்டோகாண்ட்ரியா பல நேரம் சாதாரணத் திசு அளவுக்கே எரிக்கிறது என்பது அவர் வாதம். கெட்டுப்போன அடுப்பு எப்படி எரியும்? வார்பர்க் அசைந்து கொடுக்கவில்லை. 1966-ல், 82 வயதில், லிண்டாவ் நகரில் நோபலாளர்கள் கூட்டத்தில் புற்றுநோயின் முதற்காரணம் என்று அதே கருத்தைப் பேசினார்.

நிகழ்காலத்தில் இன்னும் நேரடியாகப் பார்த்திருக்கிறார்கள். டெக்சாஸில் ரால்ஃப் டிபெரார்டினிஸ் குழு, நுரையீரல் கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகும் நோயாளிகளுக்கு, கதிரியக்கம் இல்லாத அடையாளக் கார்பன் கொண்ட குளுக்கோஸை ரத்தக்குழாயில் ஏற்றி, வெட்டி எடுத்த கட்டியில் அந்தக் கார்பன் எங்கே போயிருக்கிறது என்று தேடியது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் போயிருந்தது. 2016-ல் வெளியான முடிவு. அடுத்த வருடம் வந்த ஆய்வில் சில கட்டிகள் லாக்டேட்டையே, அதாவது லாக்டிக் அமிலத்தின் உப்பு வடிவத்தையே, திரும்ப எரிபொருளாக இழுத்துக்கொள்வதும் தெரிந்தது. வார்பர்க் குப்பை என்று நினைத்தது பக்கத்து செல்லுக்குச் சாப்பாடு.

அடுப்பு நல்லாத்தான் இருக்குன்னா, 32 கிடைக்கிற இடத்துல கேன்சர் செல் ஏன் 2 போதும்னு இருக்கு? அதுக்கு என்ன பைத்தியமா?

என் மாணவர்கள் தடுக்கி விழுந்த கேள்வி. வீட்டில் இருக்கும் மரத்தையெல்லாம் எரித்தால் நிறையச் சூடு கிடைக்கும். ஆனால் நீங்கள் புது வீடு கட்டிக்கொண்டிருந்தால்? எரித்த மரம் சாம்பல், அதில் உத்தரம் செய்ய முடியாது. இரண்டாகப் பிரியப்போகும் செல்லுக்குக் காசைவிடச் சாமான் முக்கியம். டி.என்.ஏ. இரட்டிக்க வேண்டும், சவ்வு இரட்டிக்க வேண்டும். குளுக்கோஸை முழுக்க எரிக்காமல் பாதி வழியில் கிளைபிரித்து அந்தச் சாமான்களைச் செய்துகொள்கிறது. 2009-ல் மேத்யூ வாண்டர் ஹைடன், லூயிஸ் கான்ட்லி, கிரெய்க் தாம்சன் மூவரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவலான விளக்கம் இது. இதுவும் முழு விளக்கம் இல்லை என்று சண்டை போடுபவர்கள் உண்டு: எடுத்த குளுக்கோஸில் பெரும்பகுதி லாக்டேட்டாக வெளியே போய்விடுகிறதே, அப்புறம் சாமான் எங்கே என்று. நியாயமான சண்டைதான்.

இன்னொன்று. இது புற்றுநோயின் தனிச்சொத்து இல்லை. கிருமியைக் கண்டதும் வேகமாகப் பெருகும் நம் டி செல்களும் (நோய் எதிர்ப்பு அணுக்கள்) இப்படித்தான் செய்கின்றன. விழித்திரையும் இப்படித்தான், அதை வார்பர்க்கே பார்த்திருந்தார்.

அப்ப மைட்டோகாண்ட்ரியா கேன்சருக்கு எதிரியா, கூட்டாளியா?

பெரும்பாலும் கூட்டாளி. முன்னே சொன்ன பட்டறை நினைவிருக்கிறதா? 2015-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தன: பெருகும் செல்லுக்கு மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசம் முக்கியமாகத் தேவைப்படுவது அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலம் செய்ய. அது இல்லாமல் டி.என்.ஏ. எழுத்துகள் உருவாகாது. அதே வருடம் நியூசிலாந்து, செக், ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் எலிகளில் வேறொன்றைக் காட்டினார்கள். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. நீக்கிய புற்றுசெல்களை எலிக்குள் வைத்தால் கட்டி வளரவே தாமதமாகிறது. கடைசியில் வளர்ந்த கட்டியைப் பார்த்தால், உள்ளே இருப்பது எலியின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. பக்கத்து செல்லிலிருந்து கடன் வாங்கியிருக்கிறது! கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியாதான் புற்றுநோயின் மூலம் என்றால் இந்தக் கடன் எதற்கு?

ஆனாலும் வார்பர்க்கை முழுக்கத் தள்ள முடியாது. அபூர்வமான சில புற்றுநோய்களில் உண்மையிலேயே மைட்டோகாண்ட்ரியாவின் நொதிதான் பழுது. சக்சினேட் டிஹைட்ரோஜினேஸ் பழுதானால் பாராகாங்கிலியோமா என்ற நரம்புசார் கட்டி வரலாம் என்று 2000-ல் தெரிந்தது. ஃபியூமரேஸ் பழுதானால் ஒரு வகைப் பரம்பரைச் சிறுநீரகப் புற்றுநோய், 2002. அங்கேயும் கேடு செய்வது சக்திக் குறைபாடு அல்ல. எரியாமல் தேங்கும் சக்சினேட்டும் ஃபியூமரேட்டும் செல்லுக்குப் பொய்த் தகவல் கொடுக்கின்றன, ஆக்சிஜன் இல்லை என்பது மாதிரி.

இதையெல்லாம் மருத்துவ உலகம் மறைச்சு வெச்சிருக்காமே?

பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? குளுக்கோஸை அள்ளி இழுக்கும் இடங்களைப் படத்தில் மின்னவைத்துக் காட்டும் ஸ்கேன் அது. அதன் அடிப்படையே வார்பர்க் விளைவுதான். மறைப்பதாக இருந்தால் ஊருக்கு ஊர் அதற்கு ஒரு இயந்திரம் வைத்து, ரசீதும் போட்டுக் கொடுக்க மாட்டார்கள்.

பெட் ஸ்கேனுக்கு முன்னாடி சர்க்கரை மாதிரி ஏதோ ஊசில ஏத்தறாங்க. அது கட்டிக்குத் தீனி போடற மாதிரி ஆகாதா?

ஆகாது. ஏற்றுவது எஃப்டிஜி என்ற போலிச் சர்க்கரை. குளுக்கோஸில் ஒரு இடத்தை மாற்றி, கதிரியக்க ஃப்ளூரினை ஒட்டவைத்தது. செல் அதைக் குளுக்கோஸ் என்று நம்பி உள்ளே இழுக்கும், முதல் நொதி முத்திரையும் குத்தும், அதற்குமேல் உடைக்க முடியாது. வெளியேயும் போக முடியாமல் உள்ளே மாட்டிக்கொண்டு மின்னும். அளவு மைக்ரோகிராம் கணக்கு. ஒரு சீனிப் பரலைவிடக் குறைவு. ஃப்ளூரினின் அரை ஆயுள் 110 நிமிடம், அன்றைக்கே பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

சித்தியோடு போனபோது, ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் மங்கலான அறையில் போர்த்திப் படுக்க வைத்தார்கள். "பேசாதீங்கம்மா" என்று செவிலியர் இரண்டு தடவை சொன்னார். சித்தி அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார். கோபமில்லை, பேசினால் தொண்டைத் தசை சர்க்கரை இழுக்கும், படத்தில் அங்கேயும் மின்னும், பார்ப்பவர் குழம்புவார். வெறும் வயிற்றில் வரச்சொல்வதும் அதற்குத்தான்.

ரிப்போர்ட் படத்துல மூளை பளபளன்னு எரியுது. பயமா இருக்கு. அங்கேயும் பரவிடுச்சா?

மூளை எல்லோருக்கும் மின்னும். ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் எரிக்கும் உறுப்பு அது. இதயமும் மின்னலாம். சிறுநீர்ப்பை மின்னுவது எஃப்டிஜி சிறுநீரில் வெளியேறுவதால். தொற்றோ வீக்கமோ இருந்தாலும் மின்னும். சில மெதுவான கட்டிகள் மின்னாமலேயும் இருக்கும். படத்தை நீங்களே பார்த்துத் தூக்கம் கெடாதீர்கள், கூட இருக்கும் அறிக்கையை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

சர்க்கரையை அடியோட நிறுத்திட்டா கேன்சர் பட்டினி கிடந்து செத்துடும்தானே?

இதுதான் சித்தி வீட்டில் நடந்தது. முதலில் காபியில் சர்க்கரை நின்றது, அதில் தப்பில்லை. பிறகு பழம் நின்றது, பிறகு சோறு, பிறகு இட்லி. 'எல்லாம் சர்க்கரையாத்தானே மாறுது.' இரண்டு மாதத்தில் ஏழு கிலோ இறங்கி, ரத்த அணுக்களும் ஏறாமல், ஒரு கீமோ தள்ளிப்போனது. அன்றிரவு நானே போய் ரசம் சாதம் பிசைந்து கொடுத்தேன். கட்டிக்குப் போட்ட பட்டினி சித்திக்குத்தான் விழுந்தது.

கணக்கைப் பாருங்கள். பெரியவர் ஒருவரின் ரத்தம் முழுவதிலும் இருக்கும் குளுக்கோஸ் சுமார் ஐந்து கிராம், ஒரு தேக்கரண்டி. அந்த ஒரு கரண்டி குறையக் குறைய ஈரல் தசைப்புரதத்தைக் கரைத்தாவது புதிதாகச் செய்து ஊற்றிக்கொண்டே இருக்கும், இல்லையென்றால் மூளை நின்றுவிடும். நீங்கள் சாப்பிடாவிட்டாலும் கட்டிக்குப் போகும் ரத்தத்தில் சர்க்கரை இருக்கும். தவிர, கட்டி குளுட்டமின் என்ற அமினோ அமிலம் தின்னும், கொழுப்பு தின்னும், முன்பு சொன்னபடி லாக்டேட்டும் தின்னும். இனிப்பைக் குறைப்பது உடல் எடைக்கும் நீரிழிவுக்கும் நல்லது. அதிக உடல் எடை சில புற்றுநோய்களின் அபாயத்தைக் கூட்டுகிறது என்பதும் உண்மை. ஆனால் சிகிச்சையின் நடுவில் சோற்றை நிறுத்துவது வேறு விஷயம்.

கீட்டோ டயட்?

மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறை அது. எலிகளில் சில குறிப்பிட்ட மருந்துகளோடு சேர்த்தபோது பலன் தெரிந்தது. 2018-ல் கான்ட்லி குழு வெளியிட்டது. சில எலி மாதிரிகளில், கீட்டோ மட்டும் கொடுத்தபோது ரத்தப் புற்றுநோய் வேகமெடுத்ததும் அதே ஆய்வில்தான். சிகிச்சையோடு கூடிய ஆய்வாக நடந்தால் சரி. யூடியூப் பார்த்து நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். எடை விஷயம் முந்தின பதிலில் இருக்கிறது.

கேன்சர் அமிலத்துலதான் வளரும், காரத்துல செத்துடும்னு வார்பர்க் சொன்னாராமே? அதான் எலுமிச்சை, சோடா உப்பு, காரத்தண்ணி...

வார்பர்க் தலையில் கட்டிய வாக்கியம் இது. அவர் பேசியது ஆக்சிஜனையும் நொதித்தலையும் பற்றி. கட்டியைச் சுற்றி அமிலம் இருப்பது உண்மை, ஆனால் அது கட்டி வெளியே தள்ளியது. புகையைத் துரத்தினால் தீ அணையாது.

ரத்தத்தின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நிற்கும். நுரையீரலும் சிறுநீரகமும் இரவும் பகலும் காவல் காக்கின்றன. நீங்கள் குடிக்கும் காரத்தண்ணீர் முதலில் சந்திப்பது வயிற்று அமிலத்தை. மேலே சொன்ன குடுவை மாதிரி பொங்கி, ஏப்பமாக வெளியே வரும். சோடா உப்பை அளவுக்கு மீறிக் குடித்து உடலின் உப்புச் சமநிலை கெட்டால் ஆபத்து. இதில் ஒரு வேடிக்கை: கீழ்வீட்டு மாமி 'காரம்' என்று படித்துவிட்டு, ஒரு வாரம் குழம்பில் மிளகாயைக் கூட்டிவிட்டார். மாமாவுக்கு நெஞ்செரிச்சல்.

ஆக்சிஜன் குறையறதாலதான் கேன்சர்னா, பிராணாயாமம் பண்ணினா போயிடுமா?

வார்பர்க் விளைவின் சாரமே ஆக்சிஜன் இருக்கும்போதும் நொதிப்பது என்பதுதான். அதிக ஆக்சிஜன் கொடுத்தும் கட்டி மாறவில்லை என்று காட்டியவர் அவரே. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மூச்சுப்பயிற்சி நல்லது, செய்யுங்கள்.

ஆப்ரிகாட் விதை, வைட்டமின் பி17? அது கேன்சர் செல்லை மட்டும் குறிவெச்சு கொல்லுமாம்.

இதற்குக் கொஞ்சம் கண்டிப்பாகவே பதில் சொல்கிறேன். அது வைட்டமினே இல்லை. அமிக்டாலின் என்ற பொருள், குடலில் உடைந்தால் சயனைடு தரும். மரவள்ளிக்கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிடக்கூடாது என்று பாட்டிகள் சொல்வதற்குக் காரணமான அதே நஞ்சு. சயனைடு உடம்பில் எதை அடைக்கிறது தெரியுமா? சைட்டோகுரோம் ஆக்சிடேஸை. வார்பர்க்குக்கு நோபல் வாங்கித் தந்த அதே நொதியை. அவர் பெயரைச் சொல்லி, அவர் நொதியை அடைக்கும் நஞ்சை விற்கிறார்கள்.

1982-ல் அமெரிக்காவில் 178 நோயாளிகளுக்கு இதன் மருந்து வடிவத்தைக் கொடுத்துச் சோதித்தார்கள். நோய் குணமாகவும் இல்லை, நிற்கவும் இல்லை. சிலருக்குச் சயனைடு நச்சின் அறிகுறிகள் வந்தன.

மெட்ஃபார்மின் மைட்டோகாண்ட்ரியால வேலை செய்யுதாமே. சுகர் இல்லாதவங்களும் போட்டுக்கலாமா?

நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலியில் முதல் கண்ணியைத் தடுக்கிறது என்பது சரி. அதை நம்பி நீரிழிவு இல்லாத மார்பகப் புற்றுநோயாளிகள் 3,600-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து ஒரு பெரிய சோதனை நடந்தது. 2022-ல் முடிவு: பெரும்பான்மையோரிடம் நோய் திரும்புவதை அது குறைக்கவில்லை. சர்க்கரை நோய்க்காகச் சாப்பிடுபவர்கள் நிறுத்த வேண்டாம். மற்றவர்கள் நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். இதைவிட வலுவாக அதே கண்ணியைத் தடுக்கும் ஒரு புது மருந்தைச் சோதித்தபோது நரம்பு பாதிப்பும் லாக்டேட் ஏற்றமும் வந்து நிறுத்த வேண்டியதாயிற்று. உங்கள் நரம்புக்கும் மைட்டோகாண்ட்ரியா வேண்டுமே.

இவ்வளவு ஆராய்ச்சி பண்ணி ஒரு மருந்தாவது வந்துச்சா?

வந்திருக்கிறது. ஐடிஹெச் என்ற வளர்சிதை நொதியின் ஜீன் சில மூளைக் கட்டிகளில் மாறியிருப்பது 2008-ல் தெரிந்தது. மாறிய நொதி புதிதாக ஒரு பொருளைச் செய்கிறது. அது செல்லை முதிரவிடாமல் தடுக்கிறது. அதை அடைக்கும் எனாசிடெனிப் 2017-லும் ஐவோசிடெனிப் 2018-லும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 2024-ல் வோராசிடெனிப், மூளைக் கட்டிக்கு. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் அஸ்பராஜினேஸும் கட்டியின் சாப்பாட்டைப் பறிக்கும் மருந்துதான். அந்த செல்களால் அஸ்பராஜினைத் தாமாகப் போதுமான அளவு செய்துகொள்ள முடியாது.

இதில் நம் ஊர்ப் படிப்பும் இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ், 1929-ல் ஹார்வர்டில் சக ஆய்வாளர் ஃபிஸ்க்குடன் சேர்ந்து ஏடிபியைக் கண்டவர். அதே வருடம் ஜெர்மனியில் லோமனும் கண்டார். பின்னாளில் சுப்பாராவின் குழு செய்த அமினாப்டெரின் என்ற மருந்தை வைத்துத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவாவது நோயைத் தணித்துக் காட்டினார், 1948-ல். அதன் தம்பியான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் வார்டுகளில் இருக்கிறது. என் வகுப்பில் வார்பர்க்குக்கு ஒரு மணி நேரம் என்றால் சுப்பாராவுக்கு ஐந்து நிமிடம். அதில் எனக்கு இப்போதும் வருத்தம்.

அவர் யூத வம்சம்னு படிச்சேன். ஹிட்லர் காலத்துல பெர்லின்லயே எப்படி இருந்தார்?

அப்பா வழியில் யூதக் குடும்பம். 1941-ல் பதவியிலிருந்து நீக்கினார்கள், சில வாரத்தில் திரும்ப அனுமதித்தார்கள், புற்றுநோய் ஆராய்ச்சி தொடரட்டும் என்று. ஹிட்லரின் தாய் மார்பகப் புற்றுநோயால் 1907-ல் இறந்தவர். ஹிட்லருக்கு அந்த நோய்மேல் இருந்த பயம் வார்பர்க்கைக் காப்பாற்றியது என்று சொல்வார்கள். போக வாய்ப்பிருந்தும் அவர் ஏன் போகவில்லை என்பதை எப்படிப் படித்தாலும் எனக்கு அது சங்கடமான பகுதிதான்.

மைட்டோகாண்ட்ரியா அம்மாகிட்டேருந்துதான் வருது. அப்ப அம்மாவுக்கு கேன்சர்னா எனக்கும் வரும்னுதானே அர்த்தம்?

சித்தியின் மகள் கேட்டது. இரண்டு வேறு விஷயங்களை முடிச்சுப் போட்டிருக்கிறாள். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. அம்மாவிடமிருந்து வருவது சரி. ஆனால் அதில் 37 ஜீன்கள்தான். மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்யும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களில் 13-க்கு மட்டும்தான் அங்கே குறிப்பு உண்டு. மற்றதெல்லாம் செல்லின் உட்கருவில், அம்மா பாதி அப்பா பாதி. பரம்பரை மார்பகப் புற்றுநோயின் பிஆர்சிஏ ஜீன்களும் உட்கருவில்தான். அப்பா வழியிலும் வரும். அதனால் மருத்துவர் குடும்ப வரலாறு கேட்கும்போது அத்தையையும் அப்பாவைப் பெற்ற பாட்டியையும் விடாமல் சொல்லுங்கள்.

முன்னே சொன்ன சக்சினேட் டிஹைட்ரோஜினேஸ் பழுது இதைவிட விசித்திரம். நொதி இருப்பது மைட்டோகாண்ட்ரியாவில், ஜீன் இருப்பது உட்கருவில். அதன் ஒரு பாகமான எஸ்டிஹெச்டி ஜீனில் பிழை இருந்தால், அம்மாவிடமிருந்து வாங்கிய பிள்ளைகளுக்குக் கட்டி வருவது மிக மிக அபூர்வம். அப்பாவிடமிருந்து வாங்கியவர்களுக்குத்தான் வருகிறது. இதைச் சொன்னதும் அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அப்பாவையும் கூட்டிட்டுப் போகணுமா?" என்றாள். பிஆர்சிஏ சோதனை யாருக்கு முதலில் என்று கேட்டால் பெரும்பாலும் நோய் வந்தவருக்குத்தான், அதாவது சித்திக்கு. அதில் பிழை தெரிந்தால்தான் மற்றவர்களுக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை மூவருமாக மரபியல் ஆலோசனைக்குப் போகிறோம்.